செவ்வாய் வீட்டுக்குச் சொன்ன சேதி

என் அக்கா மகள் சினேகா இருநூற்றுப் பதினான்கு நாளாகச் செவ்வாய்க் கிரகத்தில் இருந்தாள். ஆமத்தூரில் நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். கேட்டுச் சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கொன்றும் இல்லை. நிஜத்தில் அவள் இருந்தது லடாக்கில், கல்லும் குளிரும் தவிர வேறு எதுவும் விளையாத ஒரு பள்ளத்தாக்கில். ஒரு தனியார் விண்வெளிக் கம்பெனி அங்கே வெள்ளையாக ஒரு வீட்டைக் கட்டி, ஆறு பேரை உள்ளே விட்டு, முந்நூறு நாளைக்குக் கதவைச் சாத்தியிருந்தது. இன்னும் இருபது முப்பது வருடத்தில் மனிதர்கள் உண்மையாகவே செவ்வாயில் போய்க் குடியேறும்போது எதைத் தின்பார்கள், எப்படித் தூங்குவார்கள், எத்தனையாவது நாளில் ஒருவரோடு ஒருவர் சண்டைக்கு நிற்பார்கள் என்றெல்லாம் இப்போதே பார்த்து எழுதிவைத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. வாசலுக்கு இறங்க வேண்டுமென்றால்கூட விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

சினேகா விவசாயப் படிப்பு படித்தவள். செவ்வாய் மண்ணைப் போலவே செய்த ஒரு மண்ணில் கீரையும் தக்காளியும் வளர்ப்பது அவள் வேலை. என் அக்கா மாரிசெல்விக்கு அதில்தான் ஆத்திரம்.

"ஏலே முனியா, கீரை வளக்குறதுக்கு எதுக்குலே லடாக்கு வரைக்கும் போகணும்? நம்ம கொல்லையில போட்டா முளைக்க மாட்டேங்குமாக்கும்?"

இதைச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே வேலைக்கு வேனில் கூட வருகிற பெண்களிடம், "எம்மக செவ்வாய்ல வெள்ளாமை பண்ணுதா" என்று பீற்றிக்கொள்வாள். சினேகாவின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று இரண்டு மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போயிருந்தார்கள். "அங்கனயே போயி நேர்ல பேசித் தீர்த்துட்டு வாரேம்மா" என்று சிரித்துவிட்டுத்தான் பிள்ளை ரயிலேறினாள்.

அவளோடு போனில் பேச முடியாது. செவ்வாய்க்கு ஒரு சேதி போய்ச் சேர இருபது நிமிடம் ஆகுமாம், அதனால் நாம் அனுப்புகிற குரலைக் கம்ப்யூட்டர் இருபது நிமிடம் பிடித்துவைத்துத்தான் அவளிடம் கொடுக்கும். அவள் பதிலுக்கும் அதே இருபது நிமிடம். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்ததும் அக்கா போனை எடுத்துக் கத்திப் பேசி அனுப்புவாள், பிறகு உலை வைப்பாள். சோறு வடிக்கிற நேரத்தில் பதில் வரும். "எனக்கும் வாய் நீளம், எம்மகளுக்கும் வாய் நீளம், ஊடால இந்த இருவது நிமிசம் என்ன எழவுக்கு?" என்று தினமும் ஒருமுறை திட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

போவதற்கு முன் சினேகா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அம்மா அப்பாவுக்கு ஒன்று ஆகி உயிர் போய்விட்டால் உடனே சொல்லிக் கதவைத் திறந்து அனுப்பிவிடுவார்கள், அதில் பேச்சே இல்லை. நோய், காயம் என்றால் தகவல் மட்டும் சொல்வார்கள். வருவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. ஆனால் யார் ஒருவர் நடுவில் வெளியே வந்தாலும் ஆறு பேருக்கும் கணக்கு அத்தோடு முடிந்துவிடும், மூன்று வருட உழைப்பு வீண்.

"அப்பம் நாங்க முந்நூறு நாளைக்குச் சாகாம கெடக்கணும், அம்புட்டுத்தானே? கெடக்கோம் போ" என்றாள் அக்கா. அவளுடைய வீட்டுக்காரர் தங்கச்சாமி மச்சானும் நானும் கையெழுத்துப் போட்டோம்.

தீபாவளிக்கு முப்பத்திரண்டு நாள் இருந்தது. அன்று வியாழக்கிழமை. பட்டாசுக்கும் சீசன், காலண்டருக்கும் சீசன். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்கிறேன். பத்தரை மணி இருக்கும். சத்தம் கேட்டது. மெஷின் சத்தத்தையும் மீறிக் காலுக்குக் கீழே தரை ஆடியது.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் ஒருவரும் ஓடமாட்டோம். முதலில் எல்லோர் கையும் போனுக்குத்தான் போகும். அச்சகத்தில் இருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றோம். "நான் இருக்கேன்" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டவர்கள் மூச்சு விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அக்கா போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு என் போனுக்கு மச்சான் வந்தார். அவர் கம்பெனி வேன் டிரைவர். காலையில் அக்காவையும் இன்னும் பதினாறு பேரையும் அவர்தான் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தார்.

"மாப்ள… வெடிச்சது உங்கக்கா ஷெட்டுத்தான்" என்றார்.

அக்காவை உயிரோடுதான் வெளியே எடுத்தார்களாம். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். வழியிலேயே முடிந்துவிட்டது. முதுகும் காலும் வெந்திருந்தன. முகத்தில் ஒரு கீறல் இல்லை. காலையில் வைத்த குங்குமம்கூட நெற்றியில் கலையாமல் இருந்தது. என்னோடு தினமும் மல்லுக்கு நிற்கிற வாய் மூடிக் கிடந்தது. நான் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். யாரோ என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

மச்சான் அழவில்லை. வேன் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"மாப்ள, பிள்ளை வரணும். பெத்தவ முகத்தை ஒரு தடவை பாத்துரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அத மட்டும் நீ பண்ணிக் குடு. எனக்கு அந்த இங்கிலீசுக்காரககிட்டப் பேசத் தெரியாது."

"நான் பாத்துக்கிடுதேன் மச்சான்" என்றேன். வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு தலையாட்டுவேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் துட்டிச் சேதியை, அதாவது சாவுச் சேதியை, தூரத்தில் இருப்பவர்களுக்கு நேராகச் சொல்ல மாட்டோம். "கொஞ்சம் முடியல, கெளம்பி வா" என்போம். பத்து வருடத்துக்கு முன் நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். "அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம், வாலே" என்று அக்கா போன் பண்ணினாள். பஸ் ஏறும்போது ஆப்பிள் ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன். அப்பாவை இனிமேல் பீடி குடிக்க விடக்கூடாது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றைக்கு அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை. மற்றவர்களுக்கு அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார், எனக்கு மட்டும் இன்னும் ஆறு மணி நேரம் கூடுதலாக இருந்தார். அதை ஒரு கருணையாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சினேகாவோ தனியாக மலை இறங்கி, இரண்டு விமானம் மாறி வர வேண்டிய பிள்ளை. இந்தச் சேதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி வருவாள்? வழியில் மயங்கி விழுந்தால் யார் தூக்குவார்கள்?

ஒரு மணி வாக்கில் பெங்களூரு ஆபீசுக்குப் போன் போட்டேன். குடும்பங்களோடு பேசுவதற்கென்றே அங்கே ஹர்ஷினி என்று ஒரு பெண் இருந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூரு.

"சினேகாவோட தாய்மாமன் முனியராஜ் பேசுதேம்மா. அவ அம்மா வேலை பாக்குற இடத்துல ஒரு விபத்து. கால்ல லேசாத் தீக்காயம். பிள்ளையக் கொஞ்சம் அனுப்பி வைங்க."

"ஐயோ. எப்படி இருக்காங்க சார்? நான் நேரா கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லையே? அவங்க இறந்துட்டாங்கன்னா நாங்க இப்பவே கதவைத் திறந்துடுவோம். அதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்லை."

கதவு திறக்கிற சொல்லை அவளே என் வாயில் எடுத்து வைத்தாள். நான் துப்பிவிட்டேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. லேசான காயம்தான். ஆனா பிள்ளை வந்தா நல்லது."

"காயம்னா முடிவு சினேகாவோடதுதான் சார். சொல்லி அனுப்புறேன். நீங்களே ஒரு வாய்ஸ் மெசேஜ் கொடுக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். என் குரலைக் கேட்டால் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். "நீ வந்தா நல்லது" என்றாலே நம்ம ஊர்ப் பிள்ளைக்குப் புரியும், கிளம்பிவிடுவாள் என்று நம்பினேன். மச்சானிடம் போய், "சொல்லியாச்சு மச்சான், வந்துருவா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு ஹர்ஷினி திரும்பக் கூப்பிட்டாள். நான் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மச்சான் போலீஸ்காரர் நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், சினேகா ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். 'எங்க ஊர்ல இப்படித்தான் சொல்லுவாங்க. அதனால மாமாகிட்ட நேரா கேளுங்க. அம்மா உயிரோட இருக்காளா, இல்லையா? ஆமா, இல்லைன்னு ஒரே பதில் வேணும்.' நான் என்ன சொல்லட்டும் சார்?"

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கக் கூடாதா? பிள்ளை பாதி கண்டுபிடித்துவிட்டாள். மீதியைக் கேட்கிறாள். என் மண்டைக்குள் என்ன ஓடியது தெரியுமா? நம்மவர் யாருமில்லாத அந்த வெள்ளை வீட்டுக்குள் அவள் தலையில் அடித்துக்கொண்டு உருளுவதுதான் தெரிந்தது. கட்டிப்பிடித்து அழ அங்கே சொந்தம் ஒன்று கிடையாது. வந்து எங்கள் மடியில் விழுந்து அழட்டும் என்று நினைத்தேன்.

"இருக்காம்மா" என்றேன். "நல்லாத்தான் இருக்கா. இட்லி சாப்பிட்டா."

இட்லி எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் முடிக்கலாம் என்பார்கள். நான் ஒரே ஒரு இட்லியைச் சேர்த்து என் பொய்யை யாரும் சந்தேகப்பட முடியாதபடி ஆக்கிவிட்டேன்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவர ஐந்தரை ஆகிவிட்டது. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றினோம். தெரு முழுக்கப் பெண்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "பிள்ளைக்குச் சொல்லியாச்சா? சினேகா எப்ப வருது?"

ஷெட்டுக்கு வெளியே கூடையில் இருந்ததால் தப்பிய அக்காவுடைய போன் ஆறு பத்துக்குச் சத்தம் கொடுத்தது. சினேகாவின் குரல் வந்திருந்தது. "மாமா, கெளம்பிட்டேன்" என்றுதான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"எம்மக குரலா? உங்கக்கா தலைமாட்டுல வச்சுப் போடு மாப்ள" என்றார் மச்சான். "பிள்ளை வாரேன்னு சொல்லுறத அவ கேக்கட்டும்."

அழுகையை நிறுத்தச் சொன்னார்கள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா! கால்ல சுட்டுக்கிட்டியாம்ல? சேலைய இழுத்துச் சொருகிட்டு வேலை பாருன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன், கேக்கியா நீ? நான் பயந்தே போயிட்டேன் தெரியுமா. நம்ம ஊர்ல லேசான காயம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? அதான் ரெண்டாவது தடவ கேக்கச் சொன்னேன். இட்லி சாப்பிட்டேன்னு சொன்னாக. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அம்மா, நான் இப்ப வரலம்மா. கோவிச்சுக்கிடாத. நான் வெளிய வந்தா அஞ்சு பேரு பொழப்பும் போயிரும். இன்னும் எம்பத்தாறு நாளுதான். நீ லீவு போட்டு நல்லாப் படுத்துக்கோ, அப்பாவ வேலை ஏவு. ஆனா நான் வரும்போது எந்திரிச்சு வாசலுக்கு வரணும், சொல்லிட்டேன். படுத்தே கெடந்தேன்னு வையி, உங்கூடப் பேச மாட்டேன். அப்புறம் ஒரு சேதி, மொதத் தக்காளி இன்னைக்குப் பழுத்திருச்சு. ஆறு பேரும் ஆளுக்கொரு துண்டு தின்னோம். உடம்பப் பாத்துக்கோம்மா."

முடிகிற வரைக்கும் நான் போனை அணைக்கவில்லை. குரல் நின்றது. அப்புறம் பெண்கள் எல்லோரும் ஒன்றாக அலறினார்கள். வேல்விழி அத்தை அக்கா கிடந்த பெட்டியில் தலையைத் தலையை மோதினாள். "எந்திரிடி, ஒம்மக எந்திரின்னு சொல்லுதா, எந்திரிடி" என்று அவள் கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது.

மச்சான் என் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளைகிட்ட நீ என்னலே சொன்ன?"

கல்யாணம் முடித்து இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இட்லியையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லு" என்றார். "இப்பமே கூப்பிட்டுச் சொல்லு."

ஹர்ஷினிக்குப் போன் போட்டேன். "அம்மா, எங்கக்கா தவறிட்டா" என்றேன். அவள் பதறிப்போய், "எப்போ சார்? திடீர்னு என்ன ஆச்சு?" என்றாள். காலையிலேயே என்று சொன்னேன்.

"ரெண்டு தடவை கேட்டேனே சார்" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கதவை உடனே திறந்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சேதியை இருபது நிமிடம் பிடித்துவைக்கிற கம்ப்யூட்டரையும் நிறுத்திவிட்டார்களாம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து லே ஊருக்கு ஆறு மணி நேரம் மலைப்பாதை. இருட்டினால் கணவாயில் வண்டி விட மாட்டார்கள். விமானமோ காலையில் மட்டும்தான். மதியம் ஒரு மணிக்கே சொல்லியிருந்தால் அப்போதே புறப்பட்டு, இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்டி லேவுக்கு வந்திருப்பாள், வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் டெல்லி, அங்கிருந்து மதுரை, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு. இனி சனிக்கிழமைதான் வர முடியும். இதையெல்லாம் ஹர்ஷினி கோபமே இல்லாமல் சொன்னாள்.

"எதுக்கெல்லாமோ விதி எழுதி வச்சோம் சார். தீப்பிடிச்சா என்ன செய்யணும், ஆக்சிஜன் போனா என்ன செய்யணும்னு. வீட்டுல இருந்து இப்படிச் சொல்லுவாங்கன்னு யாரும் எழுதலை."

எழுதிக்கொள்ளட்டும். நாளைக்கு நிஜமாகவே செவ்வாயில் போய்க் குடியிருக்கிறவர்களுக்கும் ஊரில் என்னைப் போல ஒரு மாமன் இருப்பான். தூரம் கூடக்கூட அவன் பொய்யும் கூடும். ஒரு பாவமும் அறியாத அந்த ஆட்கள் அதை நம்பிக்கொண்டு தக்காளி தின்பார்கள்.

சனிக்கிழமை வரைக்கும் அக்காவை வைத்திருக்க வேண்டும் என்று மச்சான் பிடிவாதமாக நின்றார். பெரியவர்கள் விடவில்லை. "வெந்த உடம்பு தங்கச்சாமி, தாங்காது. அதும் போக, சனிப் பொணம் தனியாப் போகாது. தெருவுல பச்சப் பிள்ளைக இருக்கு" என்றார் முத்துப்பாண்டிப் பெரியப்பா.

"தொணைக்கு ஆள் வேணும்னா என்னையக் கூட்டிட்டுப் போகட்டும். நான் ரெடி" என்றார் மச்சான். "எம்மக வரட்டும் பெரியப்பா, உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன்." அவர் நிஜமாகவே காலில் விழுந்தார். பெரியப்பா அவரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுதார், ஆனால் சம்மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தே காலுக்கு எடுத்தோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் போர்த்தினேன். தூக்கும்போது என் கண் தெருமுனையிலேயே இருந்தது. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அந்நேரம் அங்கே ஒரு டாக்சி திரும்பியிருக்கும். மச்சான் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார். இடுகாட்டில் முகத்தில் மண் தள்ளுவதற்கு முன், "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று இரண்டு தடவை நிறுத்தினார். மூன்றாவது தடவை அவரைப் பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டு வேலையை முடித்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சினேகா வந்து இறங்கினாள். ஏழு மாதமாக வெயில் படாத உடம்பு வெளிறிப்போயிருந்தது. கம்பெனிச் சின்னம் போட்ட அதே உடுப்பில் இருந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். கூட்டத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தாள். பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் மரக்கட்டை மாதிரி அவர்கள் கைக்குள் நின்றாள், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "அழுதிரு தாயி, அழுதிரு" என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். மச்சான் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவள் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

"அம்மாவ எங்கன வச்சிருக்கீக?" என்று கேட்டாள்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் காட்டுக்கு வர மாட்டார்கள். யாரோ அதைச் சொல்ல வாயெடுத்தார்கள். மச்சான் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது. "கூட்டிட்டுப் போ" என்று வேன் சாவியை என்னிடம் கொடுத்தார். அவளோடு என்னை அனுப்பியதற்கு வேறு காரணம் இருந்திருக்க முடியாது. என் பாவத்தை நானே போய்ச் சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான்.

மண் இன்னும் ஈரமாக இருந்தது. காலையில் பால் ஊற்றிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. சினேகா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். ஏழு மாதமாக மண் பார்த்துப் பழகிய கை அது. பிறகு அங்கேயே உட்கார்ந்தாள்.

"நான் அனுப்புனத எங்கன வச்சுக் கேட்டீக மாமா?"

அச்சகத்தில் வைத்துக் கேட்டேன், நான் மட்டும்தான் கேட்டேன், உடனே அழித்துவிட்டேன் என்று மூன்று பொய்கள் என் வாயில் தயாராக வந்து நின்றன. நல்ல பொய்கள்தான். பிள்ளை மனசு ஆறும்.

"அம்மா தலைமாட்டுல வச்சுத்தான் தாயி" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"எல்லாரும் கேட்டாகளா?"

"ஊரே கேட்டுச்சு."

அவள் தலையை ஆட்டினாள்.

"நெசமாவே செவ்வாய்ல இருந்திருந்தாக்கூட மனசத் தேத்திக்கிடுவேன் மாமா. அங்கன கதவத் திறந்தா வர முடியாது. நான் இங்கனதானே இருந்தேன். இதே பூமியில. என் கட்டில்ல இருந்து கதவுக்கு எட்டு அடிதான். கேட்டேன், ரெண்டாந் தடவையும் கேட்டேன். நீங்க இருக்கான்னு சொன்னதும் சிரிச்சுக்கிட்டே போயித் தக்காளிய வெட்டுனேன்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். "என்னைய அடி தாயி" என்றேன். "செருப்பால அடி."

"அடிச்சு என்ன செய்ய?" என்றாள். "மாமா, ஒண்ணு சொல்லுங்க. இன்னும் ஒருத்தரும் எங்கிட்ட அத நேராச் சொல்லல. ஆபீசுல இங்கிலீசுல சுத்தி வளச்சுச் சொன்னாக. அப்பா வாயே தெறக்கல. தெருவுல எல்லாரும் போயிட்டா போயிட்டாங்காக. எங்க போயிட்டா? எனக்கு இன்னும் அவ காலுல கட்டுப் போட்டுக்கிட்டு இட்லி தின்னுக்கிட்டு இருக்க மாதிரியேதான் தெரியுது. நீங்கதான உக்கார வச்சீக அவள அங்கன. நீங்களே சொல்லுங்க."

வியாழக்கிழமையிலிருந்து அந்தச் சொல்லை நான் எவரிடமும் சொல்லவில்லை, எனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உங்கம்மா செத்துப் போச்சு தாயி" என்றேன். "வியாழக்கிழமை பதினொன்னே முக்காலுக்கே செத்துப் போச்சு. நீ கேக்கும்போது செத்துத்தான் கெடந்துச்சு. எங்கக்கா செத்துப் போச்சு."

அப்போதுதான் சினேகா அழ ஆரம்பித்தாள்.